ஒன்று பதினான்குக்கு வந்த செய்தி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இதில் ஒரு வரிகூட நான் கட்டியது இல்லை. சம்பந்தப்பட்டவன் இன்றைக்கும் திருவொற்றியூரில் உயிரோடு இருக்கிறான். தேதியும் நேரமும் அவனே குறித்துவைத்தவை. பட்டப்பகலில் நடந்தது என்பதால் இருட்டில் எதையோ பார்த்து மிரண்டான் என்றும் சொல்லிவிட முடியாது.

அவன் பெயர் செங்குட்டுவன். எண்ணூர் போகும் சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில் டாலி கிளார்க். வரும் பெட்டி, போகும் பெட்டி எல்லாவற்றையும் எண்ணி, எண்ணைத் தாளில் எழுதி, கையெழுத்துப் போடுகிற வேலை. அது வயிற்றுக்கு. மனசுக்கு அவனிடம் ஒரு இணையதளம் இருந்தது.

2014இல் ஆரம்பித்தான். 'யார்டு டைரி' என்று பெயர் வைத்தான். லாரிக்காரர்கள் சண்டை, காசிமேட்டு மீன் ஏலம், சாத்தாங்காட்டு இரும்புக் கடைக்காரர்களின் பேரம் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் எழுதுவான். எழுத்தில் நக்கல் இருக்கும். யார்டில் யாரைப் பார்த்தாலும், "நம்ம சைட்ட பாத்தியா?" என்றுதான் பேச்சையே தொடங்குவான். அந்தத் தொல்லைக்குப் பயந்தே பலர் படித்தார்கள்.

போன வருஷம், 2025 மே மாதம், ஒரு பதிப்பகத்திலிருந்து அவனுக்கு அழைப்பு வந்தது. தளத்தில் இருப்பதைப் புத்தகமாகப் போடலாம், அதற்கு முன் தளத்தைக் கொஞ்சம் பார்க்கிற மாதிரி செய்யுங்கள் என்றார்கள். செங்குட்டுவனுக்குத் தலைகால் புரியவில்லை. முப்பத்தொன்பது வயதில் எழுத்தாளர் ஆகப் போகிறான். மூன்று நாள் லீவு போட்டுவிட்டு மொட்டை மாடி அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்தான்.

அந்த அறையைச் சொல்ல வேண்டும். மேலே தகரக் கூரை. ஒரே ஒரு இரும்புக் கதவு. ஜன்னல் என்று பெயருக்கு ஒரு கம்பி ஓட்டை. அக்கினி நட்சத்திரத்தில் அதற்குள் உட்கார எழுத்தாளனால்தான் முடியும்.

பதினோரு வருஷம் தளம் நடத்திக் கற்ற பாடங்களைப் புதிய வடிவத்தில் முதல் கட்டுரையாக வைக்க நினைத்தான். உண்மையிலேயே நல்ல பாடங்கள். நீலத்தின் மேல் மஞ்சள் எழுத்தைப் போடாதே, படிப்பவன் கண் அவிந்துவிடும். பக்கத்தைத் திறந்ததும் பாட்டு ஓடவிடாதே, ஆபீசில் திறந்தவன் மானம் போகும். பழைய பக்கங்களின் முகவரியை மாற்றாதே, தேடி வருகிறவன் ஏமாந்து போவான். நாலாவதாக இதையும் எழுதினான்: 'வாசகர்கள் கடிதம் எழுதவில்லையே என்று வருந்தாதே. பதினோரு வருஷத்தில் எனக்கு ஒருவர்கூட எழுதியதில்லை. நல்ல எழுத்துக்கு மௌனம்தான் பாராட்டு.'

வியாழக்கிழமை, மே 15. காலை பதினொன்றரைக்கு ஃபர்ஹான் போன் செய்தான். ராயபுரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். பழைய தளத்தில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றித் தருவது அவன் பொறுப்பு.

"இன்னா நைனா, உனக்கு யாருமே லெட்டர் போடலன்னு எழுதி வச்சிக்கீற?"

"ஆமா. யாரும் போடல."

"நானூத்தி பன்னெண்டு வந்துகீது. 'தொடர்புக்கு'ன்னு ஒரு பக்கம் வச்சியே, அதுல எழுதுனா உன் மெயிலுக்கு வர்ற மாதிரி நீ பண்ணவே இல்ல. எல்லாம் உள்ளயே குமிஞ்சு கெடக்குது. புது சைட்டுக்கு இட்டாந்துட்டேன், பாரு."

செங்குட்டுவனுக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் சந்தோஷம். நானூற்றுப் பன்னிரண்டு வாசகர்கள்! ஆவலோடு திறந்தான். லோன் வேண்டுமா என்று பாதி. முடி வளர எண்ணெய் என்று மீதி. நடுவில் 'சூப்பர் தலைவா' என்று ஒருத்தர். தள்ளிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றான்.

15-06-2017. அந்த ஒரே தேதியில் ஒன்பது செய்திகள். அனுப்பியவர் பெயர் இல்லை. மெயில் முகவரி இல்லை.

மதியம் 1:14. 'சார் கதவத் தொறங்க.'

1:19. 'சார் நான் உள்ள கீறேன்.'

1:31. 'வெளில யாராச்சும் கீறீங்களா.'

1:40. 'தட்டுறேன் சார். கேக்குதா.'

1:41. 'நிக்கிறீங்க. ஷூ சத்தம் கேக்குது.'

அவன் லேப்டாப்பைப் படாரென்று மூடிவிட்டான்.

அந்தத் தேதியை அவனுக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

அவன் யார்டில் காலிப் பெட்டிகளில் துருப்பிடித்த இடங்களைச் சுரண்டி பெயிண்ட் அடிப்பார்கள். அடித்து முடித்ததும் டாலி கிளார்க் வந்து உள்ளே பார்த்து, கதவைச் சாத்தி, சீல் போட்டு, சீல் எண்ணைத் தாளில் எழுத வேண்டும். 2017 ஜூன் 15 அன்று ஆறு பெட்டிகள். ஒரு மணிக்குச் சாப்பாட்டுச் சங்கு ஊதியது. சங்கு ஊதினால் பெட்டிக்குள் ஒரு ஈ காக்கை இருக்காது. எல்லாரும் சாப்பாட்டுத் தூக்கைத் தூக்கிக்கொண்டு வேப்ப மரத்தடிக்கு ஓடிவிடுவார்கள். அந்தத் தைரியத்தில் செங்குட்டுவன் ஒன்று பத்துக்கு ஆறு பெட்டிகளையும் எட்டிக்கூடப் பார்க்காமல் சாத்திச் சீல் வைத்தான்.

அது ரம்ஜான் மாதம். தண்டையார்பேட்டையிலிருந்து வரும் பெயிண்டர் ஷாகுல் ஹமீது நோன்பு. சாப்பாட்டுக்குப் போகிற வேலை அவருக்கு இல்லை. நாலாவது பெட்டியின் கடைசி மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து துரு சுரண்டிக்கொண்டிருந்தார்.

வேறொரு ஆள் அந்தச் சீலை வெட்டிக் கதவைத் திறந்தபோது மாலை நாலு நாற்பது. உள்ளே பெயிண்ட் கரைக்கிற தின்னர் டப்பா கவிழ்ந்து கிடந்தது. குப்பென்று வாடை. அவர் கதவோரம் இறந்து கிடந்தார். கூட்டத்தில் முதலில் வாயைத் திறந்தவன் செங்குட்டுவன்தான். "தண்ணி போட்டுட்டு உள்ள போயித் தூங்கிட்டாரு போல."

அதோடு விட்டானா? நாலு நாள் கழித்து 'பெட்டிக்குள் ஒரு தூக்கம்' என்று தளத்தில் எழுதினான். பெயரைப் போடவில்லை. தண்டையார்பேட்டை பெயிண்டர் பாய் என்று மட்டும் எழுதினான், அதுவே போதுமானதாக இருந்தது. நோன்பு மாதத்திலும் பாட்டிலை விடாத மனுஷன் என்று ஒரு நக்கல் வேறு. விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாட்ஸ்அப்பில் அது ஊர் முழுக்கச் சுற்றியது. குடித்த அடையாளமே இல்லை என்று டாக்டர் எழுதிய அறிக்கையை யாரும் தேடிப் படிக்கவில்லை, இதைத்தான் படித்தார்கள். குடித்துவிட்டுத் தூங்கியவனுக்காக யார் போய் டாலி தாளில் இருக்கும் கையெழுத்தைப் புரட்டப் போகிறார்கள்? பதிப்பகத்துக்கும் மிகவும் பிடித்தது அந்தக் கட்டுரைதான். புத்தகத்தில் அதையே முதலில் வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

அந்த மே 15, வியாழக்கிழமை சாயங்காலம் அவன் ஒன்பது செய்திகளையும் அழித்தான். மீதி நாலைப் படிக்கவில்லை. பெட்டிக்குள்ளிருந்து போனில் அனுப்பியிருக்கிறார், நம் தளத்து முகவரி அவருக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எட்டு வருஷத்துக்கு முந்தைய விஷயம். அழித்தால் முடிந்தது.

வெள்ளிக்கிழமை. மதியம் ஒன்று பத்து. அறையில் தனியாக இருந்தான். திடீரென்று தின்னர் வாடை அடித்தது. பக்கத்து மாடியில் யாரோ பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று வெளியே வந்து பார்த்தான். ஒருவரும் இல்லை. வெளியே வாடையும் இல்லை.

உள்ளே வந்தான். மணி ஒன்று பதினான்கு.

செய்திப் பெட்டியில் ஒன்பதும் திரும்ப வந்திருந்தன. மேலே புதிதாகப் பத்தாவது ஒன்று. தேதி இன்றைய தேதி.

'அழிச்சிட்டியா?'

உடனே ஃபர்ஹானுக்குப் போன் போட்டான்.

"டேய், விளையாடாத. நீதான அனுப்புன?"

"இன்னா மாமு பேஜாரு? நான் ஜும்மாவுக்குப் போய்க்கினு கீறேன். அப்பால பேசறேன்."

மறுபடியும் அழித்தான். 'தொடர்புக்கு' பக்கத்தையே தளத்திலிருந்து எடுத்துவிட்டான். இனி யாரும் எழுத வழியில்லை. இரவு நன்றாகத் தூங்கினான் என்றுதான் சொல்கிறான்.

சனிக்கிழமை, மே 17. நல்ல வெயில். மனைவி மகிழினி கீழே துணி தைத்துக்கொண்டிருந்தாள். நாலு மணிக்குள் புதிய தளத்தைப் பதிப்பகத்துக்குக் காட்ட வேண்டும். கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்று பத்துக்கு மின்விசிறி நின்றது.

அதே நொடியில் இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. காற்றே இல்லை. ஆனாலும் சாத்திக்கொண்டது. வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இழுபடும் சத்தம்... கிரீச்... டக்.

"மகி! கரண்ட் போச்சா? யாரு கதவச் சாத்துனது?"

 கதவை இழுத்தான். அசையவில்லை. தட்டினான். போனை எடுத்தான், சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. அந்த வீட்டில் ஆறு வருஷமாக இருக்கிறான், ஒரு நாளும் அப்படி ஆனதில்லை.

கம்பி ஓட்டை வழியாகக் கத்தினான். கீழே தையல் மிஷின் ஓடும் சத்தம் அவனுக்குக் கேட்டது. அவன் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை.

தின்னர் வாடை ஏறியது.

ஒன்று பதினான்கு. லேப்டாப்பில் தானாக ஒரு பக்கம் திறந்தது. நேற்று அவன் எடுத்துப்போட்ட 'தொடர்புக்கு' பக்கம். கீழே செய்திப் பெட்டி. பதினோராவது செய்தி.

'இன்னிக்கு நீ உள்ள.'

சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. கண் எரிந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்தான். நிரப்பி வைத்த பாட்டில். வாயில் கவிழ்த்தபோது ஒரு சொட்டும் வரவில்லை.

இரண்டு மணி.

இரண்டரை.

கையால் தட்டிப் பார்த்துச் சலித்து, நாற்காலிக் காலால் கதவை இடித்தான். டங்... டங்... டங்...

இடிப்பதை நிறுத்தினான்.

டங்... டங்... டங்...

அவன் இடிக்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. கதவுக்கு வெளியிலிருந்து இல்லை. அவன் முதுகுக்குப் பின்னால்... அறையின் கடைசி மூலையிலிருந்து.

திரும்பிப் பார்க்கவில்லை. இன்றுவரை அதற்காகத் தன்னை மெச்சிக்கொள்கிறான்.

அந்தப் பக்கத்தில் எழுதினான். 'மன்னிச்சிடுங்க பாய். நான்தான் மூடினேன். தெரியாம மூடிட்டேன்.'

அனுப்பினான்.

மூன்று ஐந்துக்குப் பதில் வந்தது.

'கேட்டுச்சா இல்லியா?'

எதைக் கேட்கிறார் என்று அவனுக்குத் தெரியும்.

'சத்தியமா கேக்கல' என்று எழுதினான்.

டங்... டங்... டங்... மூலையில் இல்லை இப்போது. பக்கத்தில்.

'கேட்டுச்சா இல்லியா?'

'வெயில்ல இரும்பு விரியுற சத்தம்னு நெனச்சேன்.'

வாடை தொண்டையை அடைத்தது. திரை இரண்டாகத் தெரிந்தது.

'கேட்டுச்சா இல்லியா?'

'கேட்டுச்சா இல்லியா?'

'கேட்டுச்சா இல்லியா?'

யாரிடமும் சொல்லாததை அவன் அப்போது எழுதினான். ஒன்று நாற்பதுக்குச் சாப்பிட்டுவிட்டு அந்தப் பெட்டி வழியாக நடந்தான். தட்டும் சத்தம் கேட்டது. நின்றான். வெயிலில் பெட்டிகள் சத்தம் போடுவது உண்டு. ஆனால் இரும்பு மூன்று மூன்றாகத் தட்டாது. அது அவனுக்கும் தெரியும். திறக்க வேண்டுமென்றால் சீலை வெட்ட வேண்டும். பார்க்காமல் ஏன் சீல் போட்டாய் என்று விளக்கக் கடிதம் எழுத வேண்டும். ஒரு நிமிஷம் நின்றான். நடந்து போய் டீ குடித்தான்.

'கேட்டுச்சு. தொறக்கல.'

மூன்று ஐம்பத்திரண்டு.

டக்.

கதவு திறந்தது. காற்று வந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

தவழ்ந்துதான் படி இறங்கினான். மகிழினி அவன் கோலத்தைப் பார்த்துப் பதறி எழுந்தாள்.

"இன்னாச்சு மாமா? இப்டி வேர்த்துகினு கீற?"

"மூணு மணி நேரமா கதவத் தட்டுறேனே... கேக்கலியா உனக்கு?"

"சத்தம் கேட்டுச்சு. வெயில்ல தகரம் விரியுதுன்னு நெனச்சிட்டேன்."

கரண்ட் போகவே இல்லை என்றும் அவள் சொன்னாள்.

நாலு மணிக்கு ஃபர்ஹான் போன் செய்தான். குரலே மாறியிருந்தது.

"நைனா... இன்னா போட்டு வச்சிக்கீற சைட்ல? நெஜமா இது?"

தளத்தின் முதல் பக்கத்தில் கற்ற பாடங்களைக் காணோம். 'பெட்டிக்குள் ஒரு தூக்கம்' என்ற தலைப்பின் கீழ் பழைய நக்கல் கட்டுரை இல்லை. அவன் அறையில் எழுதியது எல்லாம் இருந்தது, 'கேட்டுச்சு. தொறக்கல' வரை. அதற்குக் கீழே அந்த ஒன்பது செய்திகள். மேலே பெரிய எழுத்தில் அவன் பெயர். அவன் எதையும் வெளியிடவில்லை. வெளியிடுகிற பொத்தானைத் தொடவே இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறான். பதிப்பகத்தார் சொன்னபடி நாலு மணிக்கு அதைத்தான் திறந்து பார்த்தார்கள்.

ஃபர்ஹான் எடுத்துவிடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றான் செங்குட்டுவன். புத்தகம் நின்றது, வேலை போனது, போலீஸ் வந்தது, எல்லாம் பிறகு நடந்தவை. அவை ஒன்றும் அவனைப் பெரிதாகப் பயமுறுத்தவில்லை. பயமுறுத்தியது மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டையில் கேட்டதுதான்.

ஷாகுல் ஹமீதின் வீட்டுக்கு அவனே போனான். மதியம் பன்னிரண்டரை இருக்கும். மனைவி மலிகா, மகள் தஹ்சீன் இருவரும் இருந்தார்கள். தஹ்சீனுக்கு இப்போது இருபத்தைந்து வயது. குடிகாரன் மகள் என்று அவளுக்கு வந்த இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. வாசற்படியில் நின்றபடியே செங்குட்டுவன் எல்லாவற்றையும் சொன்னான். மறைக்கவில்லை. அழுதான். போனில் அந்த ஒன்பது செய்திகளைக் காட்டினான்.

தஹ்சீன் வாங்கிப் படித்தாள். கடைசிச் செய்தியை வாய்விட்டுப் படித்தாள். 3:52. 'மலிகாகிட்ட சொல்லு. பள்ளியாசல்ல கஞ்சி வாங்க தூக்க எட்த்துகினு தஹ்சீன் போவட்டும். நான் வர்ல.'



"இது அத்தா அனுப்புனதா?" என்றாள் தஹ்சீன்.

"ஆமாம்மா. பெட்டிக்குள்ள இருந்து... போன்ல..."

"அத்தாகிட்ட இருந்தது பட்டன் போன். நெட்டு கிட்டு ஒண்ணும் வராது. அதுவும் அன்னிக்கு வூட்லதான் இருந்துச்சு. எனக்குக் காலேஜ்லர்ந்து போன் வரும்னு என் கையில குட்த்துட்டுப் போனாரு."

செங்குட்டுவன் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டான். மெதுவாக மலிகாவைப் பார்த்தான். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"எழுதுனவன் பேரு எங்களுக்குத் தெரியும். மூடுனவன் பேருதான் தெரியாம இருந்துச்சு. ரெண்டும் ஒரே ஆளா?"

"ஆமாங்க."

"எட்டு வருசமா டெய்லி மத்தியானம் லுஹர் தொழுதுட்டு ரெண்டு கையையும் ஏந்திக் கேட்டுகினு கீறேன். யா அல்லா, எவன் மூடுனானோ அவனுக்கு அந்தத் தட்டுற சத்தம் கேக்கட்டும், கேட்டுகினே இருக்கட்டும்னு. பேரு தெரியாம அவ்ளோதான் கேக்க முடிஞ்சிது."

"என்னை மன்னிச்சிடுங்க..."

"உங்கம்மா பேரு இன்னா?"

அவனுக்குப் புரியவில்லை. ஏதோ கேட்கிறார் என்று பதில் சொல்லிவிட்டான்.

"குப்பம்மா."

"குப்பம்மா மவன் செங்குட்டுவன்" என்று மலிகா ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பார்த்தார். "அல்லாகிட்ட பேர் சொல்லிக் கேக்கறப்போ தாய் பேரையும் சேத்து சொல்லணும்."

பக்கத்துத் தெருப் பள்ளிவாசலில் லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள். மலிகா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டு தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்ய உள்ளே போனார்.